நேபாளத்தின் சரக்குச் செலவுக்குக் கடலின் தொலைவு மட்டுமா காரணம்?

கேள்வி

வணக்கம். ஐக்கிய நாடுகள் அவை நிலம்சூழ் வளரும் நாடுகள் என்று வகைப்படுத்தியுள்ள 32 நாடுகளுள் நேபாளத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் சரக்குப் போக்குவரத்துத் துறையைப் பற்றி முதுகலை ஆய்வேடு ஒன்றை எழுதி வருகிறேன். இந்தியா தவிர்த்த பிற நாடுகளிலிருந்து நேபாளத்துக்குக் கடல்வழி வரும் சரக்கில் பெரும்பகுதி கொல்கத்தா, ஹால்தியா துறைமுகங்களில் இறங்கி, ரக்சௌல் எல்லையைக் கடந்து பீர்கஞ்சை அடைகிறது. கொல்கத்தாவிலிருந்து பீர்கஞ்சுக்கு ரயில்பாதையில் ஏறத்தாழ 700 கி.மீ.தான். தில்லியோ மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் மேல் உள்ளே இருக்கிறது. ஆயினும் கடல் இல்லாத குறையால் தில்லியின் தொழில்கள் தவிக்கின்றன என்று எவரும் எழுதுவதில்லை.

அப்படியானால் நேபாளத்தின் சரக்குச் செலவுக்குத் தொலைவைக் காரணமாகச் சொல்வது எவ்வளவு சரி? எல்லையா, ஆவணங்களா, மலைச் சாலையா, உள்நாட்டு லாரித் தொழில் நடக்கும் முறையா? இவற்றுள் எது எவ்வளவு சுமையைக் கூட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா? ஆய்வறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவதால், துறையை நன்கு அறிந்தவர்களிடம் கேட்பதே மேல் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

மறுமொழி 1

சரக்கு அனுப்பீட்டு ஆவணங்களைக் கையாளும் வேலையில் இருக்கிறேன். நேபாளச் சரக்கும் என் பொறுப்பில் வருவதுண்டு. தில்லியோடு நீங்கள் செய்த ஒப்பீட்டிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் விடையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

தில்லிக்குப் போகும் சரக்கு, துறைமுகத்திலேயே வரி கட்டினாலும் சரி, முத்திரையோடு உள்நாட்டு கன்டெய்னர் நிலையம் வரை சென்று அங்கே வரி கட்டினாலும் சரி, கடைசிவரை ஒரே அரசின் ஒரே சுங்கத்துறையின் பார்வையில் இருக்கிறது. நேபாளச் சரக்கு அப்படியன்று. இந்திய மண்ணில் 700 கி.மீ. பயணம் செய்யும் அந்தக் கன்டெய்னர், சட்டப்படி இந்தியாவுக்குள் நுழையாத பொருளாகவே கருதப்படுகிறது. அதன் மேல் இந்தியச் சுங்கவரி இல்லை. இரு நாட்டு வரி விகிதங்களும் வேறுபடும் பொருள்களில், நேபாளத்தின் பெயரால் வந்த சரக்கு வழியிலேயே இறங்கி இந்தியச் சந்தையில் கலந்துவிடுமோ என்ற ஐயம் இந்தியச் சுங்கத்துறைக்கு எப்போதும் உண்டு. அந்த ஐயத்துக்கு விலையாகத்தான் சுங்கப் போக்குவரத்து அறிவிப்பு, முத்திரைச் சோதனை, சில வகைப் பொருள்களுக்கு வரித்தொகைக்கு ஈடான காப்பீடு ஆகிய எல்லாம் வந்து சேர்ந்தன. துறைமுகத்தில் ஒரு முறை, எல்லையில் இந்தியப் பக்கம் ஒரு முறை, நேபாளப் பக்கம் ஒரு முறை என்று ஒரே பெட்டியின் எண்ணும் முத்திரையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்டன. எந்த ஓர் இடத்தில் எழுத்துப் பிழை இருந்தாலும் பெட்டி அங்கேயே நிற்கும்.

இதில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது, 2018 முதல் சோதனை முறையில் தொடங்கி அடுத்த ஆண்டில் ஒப்பந்த வடிவம் பெற்ற மின்னணுச் சரக்குத் தடங்காண் முறை. கன்டெய்னரில் மின்னணுப் பூட்டைப் பொருத்தி, அது வழியில் திறக்கப்பட்டதா என்பதைத் தொலைவிலிருந்தே அறியலாம். கொல்கத்தா, ஹால்தியா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து ரயிலில் பீர்கஞ்சுக்குச் செல்லும் பெட்டிகளுக்கு இந்த முறையில் பழைய அறிவிப்புத் தாள்கள் தேவையில்லை. கப்பல் நிறுவனமே பீர்கஞ்ச் வரை பொறுப்பேற்றுக் கொண்டுசெல்கிறது. சாலை ஓர் அங்குலம்கூட அகலப்படுத்தப்படவில்லை. பெட்டியை நம்புவதற்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். அதுவே நேரத்தை மிச்சப்படுத்தியது என்றால், தொலைவு அல்ல நோய் என்பது தெளிவு.

இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொல்கத்தா ஆற்றுத் துறைமுகம். கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றில் ஏறத்தாழ 200 கி.மீ. மேலே வர வேண்டும். ஆற்றின் ஆழம் குறைவு. அலையேற்றத்துக்கு ஏற்பத்தான் கப்பல்கள் உள்ளே வர இயலும். ஆகவே பெருங்கப்பல்கள் அங்கே வருவதில்லை. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கிய பெட்டி, அங்கே காத்திருந்து, சிறிய கப்பலில் மீண்டும் ஏறித்தான் கொல்கத்தாவை அடைகிறது. 2016இல் விசாகப்பட்டினம் நேபாளத்தின் இரண்டாவது கடல்வாயிலாகத் திறக்கப்பட்டதற்கு அதன் இயற்கை ஆழமே முக்கியக் காரணம். அங்கிருந்து பீர்கஞ்சுக்கு ரயில் தொலைவு கொல்கத்தா வழியைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. இருந்தும் வணிகர்கள் பலர் அந்த வழியை விரும்பி ஏற்றார்கள். தொலைவே எல்லாமென்றால் அப்படி ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள்.

இறுதியாக, என் பார்வையில் மிக முக்கியமானது. கன்டெய்னர் கப்பல் நிறுவனத்தின் சொத்து. சில நாள்கள் மட்டுமே கட்டணமின்றி வைத்திருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறும், அதுவும் டாலரில். நேபாளத்தின் இறக்குமதி மதிப்பு ஏற்றுமதியைப்போலப் பல மடங்கு என்பதால், நிறைந்து வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை வெறுமையாகவே திரும்புகின்றன; அந்த வெற்றுப் பயணத்தின் செலவையும் இறக்குமதியாளரே தாங்குகிறார். சரக்கு எத்தனை நாளில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், அது அதிக நாளாக இருந்தாலும் வணிகர் திட்டமிட்டுக்கொள்வார். ஒரு முறை விரைவாகவும் அடுத்த முறை பல வாரங்கள் தாமதமாகவும் வந்தால், அவர் எப்போதும் கிடங்கில் கூடுதல் சரக்கை வைத்திருக்க வேண்டும், அதற்குக் கடன் வாங்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். அந்த வட்டி எந்தப் போக்குவரத்துப் புள்ளிவிவரத்திலும் தென்படாது; கடையில் பொருளின் விலையில்தான் தென்படும்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் கூறியவை எல்லாம் சரியே. ஆனால் நேபாளத்தைப் பற்றி எழுதும் அனைவரும் துறைமுகத்தையும் எல்லையையும் பார்த்துவிட்டு பீர்கஞ்சோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் நீண்டநாள் வருத்தம். பீர்கஞ்ச் தராய்ச் சமவெளியின் விளிம்பில் இருக்கும் ஊர். பொருளை வாங்குவோரில் பெரும்பகுதியினர் மலைகளுக்கு அப்பால் இருக்கிறார்கள். நேர்க்கோட்டில் பீர்கஞ்சுக்கும் காத்மாண்டுவுக்கும் இடையே 100 கி.மீ.கூட இல்லை. கனரக லாரி போக வேண்டிய வழியோ ஹேட்டௌடா, நாராயண்கட், முக்லிங், நௌபிசே என்று சுற்றி 250 கி.மீ.க்கும் மேல் நீள்கிறது.

நேரே ஏறும் திரிபுவன் நெடுஞ்சாலை இந்திய உதவியுடன் 1956இல் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரமுள்ள சிம்பன்ஜ்யாங் கணவாயைக் கடக்கிறது. வளைவுகளின் நெருக்கம் காரணமாக இன்றைய கனரகச் சரக்குக்கு அது ஏற்றதன்று. தலைநகரைக் கிழக்குப் பக்கமாகத் தராயோடு இணைக்கும், ஜப்பானிய உதவியுடன் முடிக்கப்பட்ட பி.பி. நெடுஞ்சாலையும் பயணிகளையும் இலகு வண்டிகளையும் கருதி அமைந்த ஒடுக்கமான சாலை. அதிலும் 2024 செப்டம்பர் இறுதியில் வந்த பெருவெள்ளம் பல பகுதிகளை அடித்துச் சென்றது. எனவே தலைநகரின் சரக்கில் பெரும்பகுதி திரிசூலி ஆற்றின் கரையோரச் சாலை ஒன்றையே நம்பியிருக்கிறது. நாராயண்கட்டிலிருந்து முக்லிங் வரையுள்ள 36 கி.மீ. பகுதியில் மழைக்காலத்தில் மலை சரிவது ஆண்டுதோறும் நடக்கிறது. 2024 ஜூலையில் அதே சாலையில், சிமல்தாலில், மண்சரிவு இரண்டு பேருந்துகளை ஆற்றுக்குள் தள்ளியதில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். இதை வெறும் செலவுக் கணக்காக எழுதக் கூடாது என்று ஆய்வு மாணவியான உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. தசைன் பண்டிகைக்கான சரக்கு எல்லையில் வந்து குவிவதும் இந்த மழை மாதங்களிலேயே என்பது துன்பத்தை இரட்டிப்பாக்குகிறது.

அடுத்து லாரித் தொழில். நேபாளத்தில் பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் குறைவு. ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி ஓட்டும் உரிமையாளர்களே அதிகம். அவர்கள் வட்டார வாரியாகச் சங்கங்களாகத் திரண்டார்கள். எந்த வண்டிக்கு எப்போது சரக்கு என்பதைச் சங்கமே வரிசைப்படி தீர்மானிக்கும். வாடகையையும் சங்கமே தீர்மானிக்கும். சங்கத்தின் பரிந்துரை இல்லாமல் புதியவர் ஒரு தடத்தில் வண்டி இறக்க இயலாது. மீறி இறக்கிய வண்டிகள் மறிக்கப்பட்டதும் நொறுக்கப்பட்டதும் உண்டு. சிண்டிகேட் என்று அந்நாட்டு மக்கள் வெறுப்போடு குறிப்பிடுவது இதைத்தான்.

இதன் பொருளாதார விளைவை எளிதாக விளக்கலாம். லாரியின் கடன் தவணை, வரி, காப்பீடு, ஓட்டுநர் சம்பளம் ஆகியவை வண்டி ஓடினாலும் நின்றாலும் மாறாதவை. மாதத்துக்கு எத்தனை நடை ஓடுகிறது என்பதே ஒரு நடையின் அடக்க விலையைத் தீர்மானிக்கிறது. வரிசைமுறையில் வண்டிகள் தங்கள் முறைக்காக நாள்கணக்கில் நிற்கின்றன. நிற்கும் நாள்களின் செலவும் ஓடும் ஒரு நடையின் வாடகையில் ஏற்றப்படுகிறது. நல்ல வண்டி வைத்திருப்பவருக்கும் பழைய வண்டி வைத்திருப்பவருக்கும் ஒரே முறை, ஒரே வாடகை என்பதால் புதிய வண்டி வாங்கும் ஊக்கம் அழிகிறது. பழைய வண்டி மலையில் பழுதாகி நின்றால் அதன் பின்னால் நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கின்றன. இவ்வாறு ஒரு கூடுதல் செலவு மற்றொன்றை ஈன்றுகொண்டே போகிறது.

2018இல் அரசு இந்த முறையை ஒழிப்பதாக அறிவித்தது. சங்கங்களாக இயங்கியவை நிறுவனங்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், தடஅனுமதி பெற எவருடைய பரிந்துரையும் தேவையில்லை என்றது. உரிமையாளர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள், அரசு தலைவர்கள் சிலரைக் கைது செய்து, சங்கங்களின் வங்கிக் கணக்குகளை முடக்கியது, போராட்டம் பின்வாங்கப்பட்டது. சட்டத்தின் அளவில் அது பெரிய வெற்றிதான். ஆனால் பல ஆண்டுகளாக ஒன்றாக இருந்தவர்கள் பதிவுப் பலகையை மாற்றியதால் மட்டும் ஒருவரோடொருவர் போட்டியிடத் தொடங்கிவிட மாட்டார்கள். சிறு உரிமையாளர்களின் கடன் சுமைக்கு வேறு பாதுகாப்பு ஏதும் தராமல், சங்கத்தை மட்டும் கலைத்தால் போதும் என்று எண்ணியது அந்தச் சீர்திருத்தத்தின் குறை என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கன்டெய்னரின் கதை, லாரியின் கதை என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. முதலாவது, கடலை அடையும் உரிமை நிலம்சூழ் நாடுகளுக்குப் பன்னாட்டுச் சட்டப்படி உண்டு என்கிறார்கள். அவ்வாறாயின் 1989இலும் 2015இலும் நேபாளத்தின் எல்லைகள் எப்படி அடைபட்டன? வடக்கே சீனாவின் வழி அதற்கு மாற்றாகுமா? இரண்டாவது, ரயில்பாதை காத்மாண்டு வரை வந்துவிட்டால் மேலே கூறிய துன்பங்கள் தீருமா?

மறுமொழி 3

முதல் ஐயத்துக்கு மட்டும் விடை எழுத முயல்கிறேன். சட்டமும் எல்லை வரலாறும் நான் தொடர்ந்து படித்து வரும் பொருள்கள்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் பத்தாம் பகுதி நிலம்சூழ் நாடுகளைப் பற்றியது. அதன் 125ஆம் விதி, அவற்றுக்குக் கடலை அடையவும் கடலிலிருந்து திரும்பவும் உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. 127ஆம் விதி, கடந்துசெல்லும் சரக்கின் மீது, செய்த சேவைக்கான கட்டணம் தவிர, சுங்கவரியோ வேறு வரியோ விதிக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே 125ஆம் விதி, எந்த வழியில், எந்த முறையில் என்பதை அந்நாடுகள் தமக்குள் ஒப்பந்தம் செய்து தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்றும், இடைப்பட்ட நாடு தன் நியாயமான நலன்களைக் காத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே உரிமை உடன்படிக்கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் வழி இருதரப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் காலாவதியானால் உரிமை காகிதத்தில் மட்டும் எஞ்சும்.

1989இல் நடந்தது அதுவே. 1978இல் இந்தியாவும் நேபாளமும் வணிகத்துக்கும் கடப்புக்கும் (ஒரு நாட்டின் வழியே சரக்கு கடந்துசெல்வதற்கும்) தனித்தனியாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 1989 மார்ச்சில் முடிவுற்றன. புதுப்பிப்பதில் கருத்து வேறுபாடு எழவே, இந்தியா ரக்சௌல், ஜோக்பனி என்ற இரண்டு வாயில்களை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை மூடியது. மண்ணெண்ணெயும் எரிபொருளும் இன்றி மக்கள் காடுகளை வெட்டி அடுப்பெரித்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த அந்த நெருக்கடி 1990இல், நேபாளத்தில் ஆட்சிமுறை மாறிய பிறகே தீர்ந்தது. 2015 செப்டம்பரில் புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தராய்ப் பகுதியின் மாதேசி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து எல்லையில் அமர்ந்தார்கள். சரக்கு வண்டிகள் நின்றன. இந்தியா மறைமுகமாகத் தடை விதித்ததாக நேபாளம் கூறியது. நேபாளத்துக்குள் நடந்த போராட்டமே காரணம் என்று இந்தியா மறுத்தது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பெரும் நிலநடுக்கம் நாட்டைச் சிதைத்திருந்தது. சீனாவுக்கான முதன்மை வாயிலாகிய தாதோபானியும் அதனால் மூடிக் கிடந்தது. தெற்கும் வடக்கும் ஒரே நேரத்தில் அடைபட்ட அந்த மாதங்கள் நேபாள அரசியலில் இன்றும் ஆறாத புண்.

அதன் விளைவாகவே 2016 மார்ச்சில் சீனாவுடன் கடப்பு மற்றும் போக்குவரத்து ஒப்பந்தமும், 2019இல் அதன் செயல்முறை நெறியும் கையெழுத்தாயின. தியான்ஜின், ஷென்சென், லியன்யுன்காங், ஜான்ஜியாங் ஆகிய நான்கு துறைமுகங்களையும், லான்ஜோ, லாசா, ஷிகாட்சே ஆகிய மூன்று உலர் துறைமுகங்களையும் (துறைமுகம்போல இயங்கும் உள்நாட்டுச் சரக்கு நிலையங்களையும்) நேபாளம் பயன்படுத்தலாம். ஆனால் தியான்ஜினிலிருந்து நேபாள எல்லைக்கு 3,000 கி.மீ.க்கும் மேல். எல்லைக்குப் பிறகு வரும் சாலைகளோ இமயத்தின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் தொங்குகின்றன. 2019இல் மீண்டும் திறக்கப்பட்ட தாதோபானி சாலை மழைதோறும் துண்டிக்கப்படுகிறது. ரசுவாகடியில் இரு நாடுகளையும் இணைத்த நட்புறவுப் பாலத்தை 2025 ஜூலையில் வெள்ளம் அடித்துச் சென்றபோது, எல்லைச் சரக்கு நிலையத்தில் நின்ற வண்டிகளும் கன்டெய்னர்களும் நீரோடு போயின. சீனாவில் செய்த பொருளைக் கொண்டுவர வடக்கு வழி பயன்படும். உலகின் பிற பகுதிகளிலிருந்து வரும் சரக்குக்கு அது மாற்று வழி ஆகாது. பேச்சுவார்த்தை மேசையில் அதற்கொரு மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. 2023இல் இந்தியாவுடனான கடப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது உள்நாட்டு நீர்வழிகளும் அதில் சேர்க்கப்பட்டதற்குப் பின்னால் அத்தகைய கணக்கும் இருக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆயினும் அரசியல்வாதிகள் மேடையில் காட்டும் அளவுக்கு வடக்கு வழியை நம்பி எந்த வணிகரும் கடன் எடுக்க மாட்டார்.

மறுமொழி 1 எழுதியவர்

ரயிலைப் பற்றி நான் சொல்கிறேன். பீர்கஞ்சை ஒட்டிய சிர்சியாவில் உலக வங்கியின் உதவியோடு கட்டப்பட்ட உலர் துறைமுகம் 2004இல் இயங்கத் தொடங்கியது. ரக்சௌலிலிருந்து சில கி.மீ. ரயில்பாதை எல்லையைத் தாண்டி நேரே அதற்குள் செல்கிறது. நேபாளத்தின் போக்குவரத்து வரலாற்றில் இதைவிடப் பயன் தந்த முதலீடுகள் குறைவு. ஆனால் பதினேழு ஆண்டுகளாகக் கன்டெய்னர் ரயிலை ஓட்டும் உரிமை இந்தியப் பொதுத்துறை நிறுவனமான கான்கார் ஒன்றிடம் மட்டுமே இருந்தது. 2021 ஜூலையில் இரு அரசுகளும் கடிதப் பரிமாற்றத்தின் மூலம் ரயில் சேவை உடன்பாட்டைத் திருத்திய பிறகே, அனுமதி பெற்ற பிற சரக்கு ரயில் நிறுவனங்களும் உள்ளே வர முடிந்தது. தண்டவாளம் இருந்தும் போட்டி இல்லாதிருந்த அந்தப் பதினேழு ஆண்டுகளை உங்கள் ஆய்வேட்டில் தனி இயலாக எழுதலாம். முந்தைய மறுமொழியில் லாரிச் சங்கங்களைப் பற்றி நண்பர் கூறியதும், இந்தத் தண்டவாளத்தின் கதையும் அடிப்படையில் ஒன்றே.

ரக்சௌல்–காத்மாண்டு பாதைக்கான ஆய்வைக் கொங்கண் ரயில்வே நிறுவனம் மேற்கொண்டது. அது அமையுமானால் மலைச்சாலையின் அபாயம் பெருமளவு குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏறும்போது நிறைந்தும் இறங்கும்போது வெறுமையாகவும் ஓடும் ரயில், தன் செலவை ஈட்டிக்கொள்ள வழியில்லை. ஏற்றுமதி பெருகாத வரை எந்த வாகனத்தைக் கொண்டுவந்தாலும் அந்தப் பாதிப் பயணத்தின் நட்டம் தொடரும்.

இதற்கிடையே நிகழ்ந்த வேறொரு மாற்றத்துக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. பிகாரின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கி.மீ. நீள எண்ணெய்க் குழாய் 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் எல்லை கடந்து செல்லும் முதல் எண்ணெய்க் குழாய் அதுதான். அதற்கு முன் ஏறத்தாழ 45 ஆண்டுகள் டேங்கர் லாரிகளே டீசலை ஏற்றி வந்தன. எடை மிகுந்த, திரும்பும்போது காலியாக வரும், வழியில் கசியவும் களவு போகவும் கூடிய ஒரு சரக்கு, அந்தப் பகுதியில் சாலையை விட்டே நீங்கிவிட்டது. குழாய்க்குத் திரும்பும் பயணம் என்ற ஒன்றே இல்லை. கூடவே, அண்மை ஆண்டுகளில் நேபாளம் இறக்குமதி செய்யும் கார்களில் பெரும்பகுதி மின்சாரக் கார்களாக மாறிவிட்டன. உள்நாட்டு நீர்மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் எல்லையைக் கடந்து வர வேண்டிய எரிபொருளைக் குறைக்கிறது. சரக்கை விரைவாகக் கொண்டுவருவது ஒரு வழி. கொண்டுவர வேண்டிய சரக்கையே குறைப்பது இன்னொரு வழி. நிலம்சூழ் நாட்டுக்கு இரண்டாவது வழியே நிலையானது என்பது என் உறுதியான எண்ணம். கனரக லாரிகள் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுமொழி 2 எழுதியவர்

இரண்டாவது வழி பற்றி நண்பர் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். இறக்குமதி எரிபொருளை நம்பாமல் சரக்கைக் கடத்தியதற்கு நேபாளத்திலேயே முன்மாதிரியும் உண்டு. 1964இல் அமெரிக்க உதவியுடன் ஹேட்டௌடாவிலிருந்து காத்மாண்டுவுக்கு 42 கி.மீ. நீளச் சரக்குக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. மின்சாரத்தில் இயங்கி, மண்சரிவுகளுக்கு மேலாகவே சரக்கைக் கடத்திய அந்தப் பாதை, சாலையின் போட்டியாலும் பராமரிப்பின்மையாலும் கைவிடப்பட்டது. இன்றைய கன்டெய்னர் சரக்கின் அளவுக்கு அது ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் சிமெண்டு, தானியம் போன்ற மொத்தச் சரக்குக்கு இன்றும் அது பயன்பட்டிருக்கும். அதைப் பாழாக விட்டது பெரிய இழப்பு. இப்போது ராணுவத்தின் பொறுப்பில் அமைக்கப்பட்டு வரும் காத்மாண்டு–தராய் விரைவுச்சாலையும், ஜப்பானிய உதவியுடன் துளைக்கப்பட்ட நாக்துங்கா சுரங்கப்பாதையும் தலைநகரின் வாயிலை அகலமாக்கும். அவற்றைக் கட்டுவதற்குக் காட்டும் அக்கறையைப் பராமரிப்பதற்கும் காட்ட வேண்டும்.

முதலில் நீங்கள் கேட்ட கேள்வி, எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது எப்படி என்பதே. அதற்கு என் ஆலோசனை இது. சராசரி வாடகையையும் சராசரி நாள்களையும் தேடி அலையாதீர்கள். அவை வெளியிடப்பட்ட அறிக்கைகளிலேயே கிடைக்கும், ஆனால் அவற்றிலிருந்து எதுவும் விளங்காது. பீர்கஞ்சின் இறக்குமதியாளர்கள் சிலரிடம் அனுமதி பெற்று, ஒரே வகைச் சரக்கின் ஓராண்டுப் பதிவுகளைப் பாருங்கள்: கப்பலிலிருந்து இறங்கிய நாள், துறைமுகத்தை விட்டு நீங்கிய நாள், சிர்சியாவை அடைந்த நாள், சுங்கம் முடிந்த நாள், லாரி ஏற்றிய நாள், காத்மாண்டுவில் இறக்கிய நாள், காலிப் பெட்டி திரும்பிய நாள். ஒவ்வோர் இடைவெளியிலும் மிகக் குறைந்த நாளுக்கும் மிக அதிக நாளுக்கும் இடையே உள்ள வேறுபாடு எங்கே பெரிதாக இருக்கிறதோ, அங்கேதான் பணம் கசிகிறது. அதோடு லாரி ஓட்டுநர்களிடம், சென்ற மாதம் எத்தனை நாள் வண்டி ஓடியது, எத்தனை நாள் நின்றது, நின்றதற்குக் காரணம் சரக்கு இல்லாமையா, முறை வராமையா, சாலை அடைபட்டமையா என்று கேளுங்கள். இந்த மூன்று காரணங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வது மிக அவசியம், ஏனெனில் முதலாவதைத் தீர்க்க ஏற்றுமதி வேண்டும், இரண்டாவதைத் தீர்க்கச் சட்டம் வேண்டும், மூன்றாவதைத் தீர்க்கப் பொறியாளர் வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறையும் வறண்ட காலத்தில் ஒரு முறையும் இதைச் செய்தால், மலையின் பங்கையும் மனிதர்களின் பங்கையும் உங்களால் பிரித்துக் காட்ட இயலும்.